செலவுப் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி

ஸ்கொட்லாந்தில் இருநூறு வருடத்துக்கு முந்திய ஏழை ஒருவர் எப்போது பிறந்தார் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எப்போது செத்தார் என்று தேடப் போனால்தான் சுவரில் முட்டிக்கொள்ள நேரும். 1855க்கு முந்திய சாவென்றால் பலர் பாதியிலேயே தேடலை விட்டுவிடுவார்கள். என்னை விடாமல் தேட வைத்தது என் தொழில். டண்டீ நகரில் சில்லறைக் கடைகளுக்கும் முடிதிருத்தும் கடைகளுக்கும் கணக்கெழுதிப் பிழைக்கிறேன். ஒருவரைப் பற்றி உலகத்தில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை என்றாலும், அவரால் யாருக்காவது நாலு காசு வந்திருக்கும், இல்லாவிட்டால் அவருக்காக யாராவது நாலு காசு செலவழித்திருப்பார்கள். அது ஏதாவதொரு ஏட்டில் ஏறியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

தேடச் சொன்னவர் மாமி, என் கணவரின் தாய். அவருடைய முன்னோர்கள் டண்டீக்கு வடக்கே ஆங்கஸ் பகுதியில் லினன் துணி நெய்த கைத்தறிக்காரர்கள். வீட்டுப் பெரிய பைபிளின் முன்தாளில் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒரு நெசவாளர் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பிறப்பு வரிசையாக எழுதியிருக்கிறது, அவருடைய இறப்பு மட்டும் இல்லை. "இளவயதிலேயே போய்விட்டார், ஆனாலும் அவரும் சரி, அவர் மனைவியும் சரி, யாரிடமும் கை நீட்டியதில்லை" என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை. "எப்போது போனார், எங்கே கிடக்கிறார், அதை மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார் மாமி.

பார்ப்பதற்கு முதலில் போக வேண்டிய இடம் பழைய பங்குப் பதிவேடுகள். ஒரு கோயிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்தது ஒரு பங்கு. 1552இல், நாடு இன்னும் கத்தோலிக்க நாடாக இருந்தபோதே, ஞானஸ்நானத்தையும் கலியாண ஓலை வாசிப்பையும், அதாவது கோயிலில் கலியாணத்தை முன்கூட்டி அறிவிப்பதையும், ஏட்டில் பதிய வேண்டும் என்று குருமார் பேரவை கட்டளையிட்டது. இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது பெர்த்துக்கும் டண்டீக்கும் நடுவிலுள்ள எரோல் ஊர்ப் பதிவேடு. அது 1553இல் தொடங்குகிறது. அங்கிருந்து 1854 வரை, தொளாயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளிலிருந்து ஏறத்தாழ 3,500 ஏடுகள் எடின்பரோவில் தேசியப் பதிவேட்டுக் காப்பகத்தில் சேர்ந்திருக்கின்றன. ஸ்கொட்லாந்ஸ்பீப்பிள் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கக் காசில்லை, பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கட்டணம்.

இந்த ஏடுகளில் பெண்களைத் தேடுபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கலியாணம் முடித்தாலும் இந்நாட்டுப் பெண் ஏட்டில் தன் தகப்பன் வீட்டுப் பெயரிலேயே நிற்பாள். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தாயின் பெயர், அவள் செத்தால் கல்லறை வாசகம், கைம்பெண்ணாகி உதவி வாங்கினால் அந்தப் பட்டியல், எல்லாவற்றிலும் பிறந்த வீட்டுப் பெயர்தான் பெரும்பாலும் வரும். பெயர் வைப்பதிலும் ஒரு முறை இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதினாலே தாத்தா பாட்டி யாரென்று ஓரளவு ஊகிக்கலாம். அதே முறையால்தான் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் திரிவார்கள். பீட்டரும் பற்றிக்கும் ஒரே ஆளாக இருக்கலாம், டொனால்டும் டானியலும் ஒரே ஆளாக இருக்கலாம். எழுதியவர் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். காதில் விழுந்தபடி எழுதினார்.

பிறப்புக்கு இவ்வளவு இருக்க, சாவுக்கு ஏன் இல்லை? காரணம் இறையியலில் கிடக்கிறது. கத்தோலிக்கக் காலத்தில் செத்தவருடைய ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்தது. அதற்காகப் பூசை வைக்க வேண்டும், வருட நினைவு கொண்டாட வேண்டும். 1560இல் ஜோன் நொக்ஸும் கூட்டாளிகளும் திருச்சபையைச் சீர்திருத்தியபோது உத்தரிக்கிற ஸ்தலத்தையே ஒழித்துவிட்டார்கள். செத்தவருக்காக ஜெபிப்பது மூடநம்பிக்கை ஆகிவிட்டது. அவ்வருடம் அவர்கள் எழுதிய ஒழுங்குமுறை நூல், அடக்கத்தின்போது பாட்டும் வாசிப்பும் இல்லாமலிருப்பதே நல்லது என்றது. 1645இல் ஏற்றுக்கொண்ட வழிபாட்டு நெறியும் சடங்கில்லாமல் உடலைப் புதைக்கச் சொன்னது. ஞானஸ்நானம் திருச்சபையின் காரியம், ஆகவே பதிவு உண்டு. அடக்கம் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மண்ணைப் போடும் காரியம். 1565இல் அடக்கங்களையும் பதியச் சொல்லித் திருச்சபைப் பொதுப்பேரவை கட்டளையிட்டும் எத்தனையோ பங்குகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல பங்குகளில் அடக்கப் பதிவேடு என்ற ஒன்றே கிடையாது.

ஜெபத்துக்கு வராத சபை வாடகைக்கு வந்தது. சவப்பெட்டியின் மேல் போர்த்துவதற்குக் கறுப்பு வெல்வெட்டில் ஒரு போர்வை இருக்கும், மோர்ட்கிளாத் என்பார்கள். அதை வைத்திருந்தது கிர்க் செஷன், அதாவது போதகரும் மூப்பர்களும் சேர்ந்த ஊர்ச் சபை. பெரியவர்களுக்குப் பெரிய போர்வை, குழந்தைகளுக்குச் சின்னது. வசதியுள்ள ஊரில் நல்ல வெல்வெட் ஒன்று, பழையது ஒன்று என்று தரம் பிரித்து வாடகையும் வேறுவேறாக வைத்திருப்பார்கள். வாடகைப் பணம் ஏழைகள் நிதிக்குப் போகும். வந்த காசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அதனால் சபையின் வரவுப் பக்கத்தில் திகதி, யாருக்கு, எந்தப் போர்வை, எவ்வளவு என்று ஒரு வரி விழுந்தது. பல ஊர்களில் 'அடக்கப் பதிவு' என்று இன்றைக்கு அட்டவணையில் வருவதெல்லாம் உண்மையில் இந்த வாடகைக் கணக்குத்தான்.

இந்த ஏடுகளைத் திறப்பவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, வரியில் இருக்கும் திகதி சாவின் திகதி ஆகாது. போர்வை எடுத்துப் போன நாளாகவும் இருக்கலாம், காசு வந்து சேர்ந்த நாளாகவும் இருக்கலாம். இரண்டு, பதினெட்டாம் நூற்றாண்டுக் கணக்கில் பெரிய தொகையைப் பார்த்துப் பணக்கார வீட்டுச் சாவு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அது ஸ்கொட்ஸ் பவுண்டாக இருக்கலாம். பன்னிரண்டு ஸ்கொட்ஸ் பவுண்டுதான் ஒரு ஸ்டேர்லிங் பவுண்டு. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகும் பல சபைகள் நெடுங்காலம் பழைய பணத்திலேயே கணக்கெழுதின.

காசு எப்படி மனிதரை ஏட்டில் ஏற்றியது என்பதற்கு நாடறிந்த உதாரணம் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ். 1759 ஜனவரி 25இல் அலோவேயில் பிறந்தார். மறுநாளே ஞானஸ்நானம், அது ஏர் பங்குப் பதிவேட்டில் இருக்கிறது. வளர்ந்து ஜீன் ஆர்மரோடு ஊர் சொல்லும்படி பழகி, 1786இல் மொக்லின் கோயிலில் சபை முன்னால் நின்று கண்டிப்பு வாங்கினார். பிறகு போதகர் இல்லாமலே கணவன் மனைவி ஆகிவிட்டதாக இருவரும் சொல்ல, 1788 ஆகஸ்டில் செஷன் அந்தக் கலியாணத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கேட்டது. பேர்ன்ஸ் ஏழைகளுக்கென்று ஒரு கினி கொடுத்தார். செஷன் குறிப்பேட்டில் அந்தக் கினியும் இருக்கிறது. முறைப்படி கலியாணம் செய்பவரும் ஓலை வாசிக்குமுன் பிணைப்பணம் கட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் கலியாணம் நடக்காவிட்டால் அது ஏழைகள் நிதிக்குப் போய்விடும்.

பணம் பதிவை உண்டாக்கியது போலவே அழிக்கவும் செய்தது. அமெரிக்க யுத்தம் அரசாங்கத்தின் மடியைக் காலியாக்கிவிட, 1783 ஒக்டோபர் முதல் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்களில் பலர் பதிவதையே நிறுத்திவிட்டார்கள். 1794இல் வரி நீங்கும்வரை அந்தப் பதினோரு வருடமும் பல ஏடுகள் சோகை பிடித்துக் கிடக்கின்றன.

எங்கள் நெசவாளருக்கு இன்னொரு சிக்கல் இருந்தது, அது தொழிற்சங்கங்களால் வந்தது. டண்டீ நடுவில் ஹௌஃப் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டம் உண்டு. பிரான்சிஸ்கன் துறவிகளின் தோட்டமாக இருந்த நிலத்தை 1564இல் மேரி அரசி நகரத்துக்குக் கொடுத்தாள். டண்டீயின் ஒன்பது தொழிற்சங்கங்கள், அதாவது ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், கையுறைக்காரர், தையற்காரர், தொப்பிக்காரர், இறைச்சி வெட்டுபவர், கொல்லர், நெசவாளர், சாயக்காரர் ஆகியோர், தங்கள் கூட்டங்களை அங்கேதான், கல்லறைகளுக்கு நடுவில், நடத்தினார்கள். மதிய இடைவேளையில் நான் சாண்ட்விச்சோடு போய் உட்காரும் இடம் அது. ஒரு நெசவாளர் கல் எனக்குப் பழக்கம். சாம்பல் படிந்த மணற்கல்லின் தலைப்பில் சிறகு முளைத்த ஒரு குழந்தை முகம். அடியில் மண்டையோடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம். இடப்பக்க ஓரத்தில் இரண்டு முனையும் கூரான நெசவு நாடா, அதன் நடுவில் நூற்கண்டு வைக்கும் குழிவரை செதுக்கியிருக்கிறார்கள். பெயர் இருந்த இடத்தை மழை தின்றுவிட்டது. நாடாவின் குழியில் விரல் வைத்தால் இன்றும் விளிம்பு தெரிகிறது. அடுத்தடுத்த கற்களில் ரொட்டியை அடுப்பில் தள்ளும் நீளத் துடுப்பு, கத்தரிக்கோலும் இஸ்திரிப்பெட்டியும், கிரீடம் சூட்டிய சுத்தியல். எழுத்து அழிந்தாலும் தொழில் அழியாது.

இந்தத் தொழிற்சங்கங்கள் பல ஊர்களில் சொந்தமாகவே போர்வை வைத்திருந்தன. சங்கத்து ஆள் செத்தால் சங்கத்துப் போர்வை. அவர் பெயர் செஷன் கணக்கில் வராது. அது தங்கள் வருமானத்தில் மண் போடுவதாகச் செஷன்கள் சண்டை பிடித்ததும் உண்டு. போதாததற்கு, இந்தப் பகுதி நெசவாளர்களில் பலர் 1733இல் தாய்ச்சபையை விட்டுப் பிரிந்த கூட்டத்தார். அவர்களுடைய ஞானஸ்நானம்கூடப் பங்குப் பதிவேட்டில் இல்லாமல் போகலாம்.

கற்களும் எல்லாவற்றையும் சொல்லிவிடா. 1855க்கு முந்திய கல்லறை வாசகங்களை ஜோன் ஃபௌலர் மிச்சல், ஷீலா மிச்சல் தம்பதி மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மழையில் கரைந்துபோன பெயர்கள் அந்தப் புத்தகங்களில்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால் கல் நட வசதி வேண்டும். எங்கள் நெசவாளர் பெயர் எந்தத் தொகுப்பிலும் இல்லை. கல்லில் பெயர் இருப்பதால் ஆளும் அங்கேதான் கிடக்கிறார் என்றும் இல்லை. வடகிழக்கு ஸ்கொட்லாந்துக் கல்லறைத் தோட்டங்களில் சிலோனில் செத்தவர், மெட்ராசில் செத்தவர் என்று பிள்ளைகளின் பெயரைத் தாய் தகப்பன் கல்லிலேயே பொறித்திருப்பார்கள்.

அந்தச் 'சிலோன்' என்ற எழுத்தைக் கடந்து போக எனக்குக் கால் வராது. நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், என் தாத்தா அங்கே கணக்கப்பிள்ளை. ஆங்கஸுக்கு அடுத்த கின்கார்டின்ஷயரில் 1835இல் பிறந்த ஜேம்ஸ் டெயிலர் 1852இல் இலங்கைக்குப் போய், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1892இல் செத்தபோது கண்டி மஹய்யாவை மயானத்தில் கல் வைத்தார்கள். 1913இல் ஜே. பென்றி லூயிஸ் இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஒரு நூலே கொண்டுவந்தார். தேயிலை நட்ட எங்கள் ஆட்களுக்கு அப்படிக் கல்லுமில்லை, நூலுமில்லை. தாத்தாவின் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் ஏட்டில், ஒருவருக்கு நாள்தோறும் பேர் விழும், காய்ச்சலோடு வந்து பாதியில் திரும்பினால் அரைப்பேர் விழும், பிறகு கட்டங்கள் காலியாக இருக்கும். காலிக் கட்டம் தொடங்கும் இடத்தை வைத்துத்தான் சாவை ஊகிக்க வேண்டும். அப்படி வாசிக்கப் பழகியவளுக்கு ஆங்கஸ் ஏடு அவ்வளவு அந்நியமாகப்படவில்லை.

முதல் துப்பு நெசவாளரின் மனைவியிடமிருந்து வந்தது. 1855 ஜனவரி முதலாம் திகதி ஸ்கொட்லாந்தில் அரசாங்கப் பதிவு கட்டாயமாயிற்று. அந்த முதல் வருடப் படிவத்தை வரைந்தவருக்கு என் தனிப்பட்ட நன்றி. இறப்புப் பதிவில் செத்தவருடைய தொழில், பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், பிள்ளைகள் அத்தனை பேரும் பிறந்த வரிசையில், செத்த பிள்ளை என்றால் எந்த வருடம் எத்தனை வயதில், நோய், வைத்தியர், புதைத்த இடம், அடக்கம் செய்தவர் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். எழுதி எழுதிப் பதிவாளர்கள் சலித்துப்போக, 1856இலேயே பிள்ளைகள் பட்டியல் போன்ற பலவற்றை வெட்டிவிட்டார்கள். புதைத்த இடம் மட்டும் 1860 வரை தாக்குப்பிடித்தது. மாமியின் முன்னோரான அந்தக் கைம்பெண் செத்தது 1855 மார்ச்சில். ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தால் எனக்குப் பாதிக் கதை கிடைத்திருக்காது.

அவளுடைய பதிவில் கணவனின் பெயருக்குப் பக்கத்தில் நெசவாளர், காலமானவர் என்று இருந்தது. ஏழு பிள்ளைகள். நான்காவது, இரண்டு வயதில் 1834இல் செத்தது. புதைத்த இடம் அவளுடைய பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டம். 1834க்கான செஷன் கணக்கைத் திறந்தேன். 2021 முதல் இந்தச் செஷன் ஏடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஆனால் பெயர் அட்டவணை கிடையாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நவம்பர் மாதத்து வரவில் 'சின்னப் போர்வை, நெசவாளரின் பிள்ளைக்கு' என்று அவர் பெயரோடு இருந்தது. ஆகவே இந்தக் குடும்பம் சபைப் போர்வையைத்தான் வாங்கியது. 1834இல் வாடகை கொடுக்கக் கையில் காசும் இருந்தது.

1841 குடிமதிப்பில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர் இல்லை. அந்த வருடக் குடிமதிப்பு கைம்பெண்ணா என்று கேட்கவில்லை, உறவுமுறையைக்கூட எழுதவில்லை. அன்றிரவு அவர் வெளியூரில் படுத்திருந்தாலும் ஏடு இப்படித்தான் இருக்கும். ஏழு வருட வரவுப் பக்கங்களைப் பார்த்தேன். பெரிய போர்வைக்கு அவர் பெயரில் வாடகை வரவேயில்லை.

வரவில் இல்லாதவரைச் செலவில் தேட வேண்டும், எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஏழைகளுக்குப் போர்வையைச் சும்மா கொடுப்பார்கள், அதனால் வாடகை வரி விழாது. 1845இல் புதிய ஏழைகள் சட்டம் வரும்வரை ஏழைகளைப் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் இந்தச் செஷன்தான். செலவுப் பக்கத்தைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தேன். 1840இல் மாதாந்த உதவி வாங்குவோர் பட்டியலில், தகப்பன் வீட்டுப் பெயரில், அவள் இருந்தாள். 1839இல் இருந்தாள். 1838 மார்ச்சில் இருந்தாள். பெப்ரவரியில் இல்லை. அந்த பெப்ரவரிச் செலவில், பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிக்கும் கோயில் மணிக் கயிற்றுக்கும் நடுவில் ஒரு வரி: நெசவாளருக்குச் சவப்பெட்டி. அவருடைய பெயர். தச்சருக்குக் கொடுத்த தொகை.

நாலு வருடத்தில் ஒரு குடும்பம் எப்படிச் சரிந்தது என்பதை அந்த இரண்டு வரிகளே சொல்லிவிடும். 1830களில் விசைத்தறி லினன் நெசவுக்குள் வந்தது, கைத்தறிக் கூலி விழுந்தது. 1834இல் பிள்ளையின் போர்வைக்கு வாடகை கட்டியவர் 1838இல் தனக்கு ஒரு பெட்டிக்குக்கூட விட்டுப்போகவில்லை. கிடக்கும் இடத்தை உறுதியாகச் சொல்ல எந்த வரியும் இல்லை. பிள்ளைக்குப் போர்வை கொடுத்ததும் அவருக்குப் பெட்டி கொடுத்ததும் ஒரே பங்கு, பதினேழு வருடம் கழித்து மனைவியைப் புதைத்ததும் அந்தப் பங்கின் தோட்டத்தில். அங்கேதான் கிடக்கிறார் என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மாமிக்குத் திகதி பிடித்தது, சவப்பெட்டி பிடிக்கவில்லை. "கை நீட்டாத குடும்பம் என்றல்லவா சொல்லி வளர்த்தார்கள்" என்றார். முகம் வாடிவிட்டது. கணக்கை முழுதாகப் பாருங்கள் மாமி என்று வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தச்சருக்குப் போன காசு ஏழைகள் நிதியிலிருந்து போனது. அந்த நிதியில் ஊர்ச் சாவுகளின் போர்வை வாடகை அத்தனையும் சேர்ந்திருக்கிறது, 1834இல் ஒரு நெசவாளர் தன் பிள்ளைக்காகக் கட்டிய வாடகையும் அதில்தான் விழுந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் துக்கத்தின்போது போட்டு வைத்த காசு அது. அவர் போட்டது கொஞ்சம், எடுத்தது கொஞ்சம் அதிகம். எந்தச் சீட்டிலும் யாராவது ஒருவர் அப்படித்தான் எடுப்பார். மாமி இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, சவப்பெட்டி வரியையும் அச்செடுத்துத் தரச் சொன்னார். இப்போது பைபிளின் முன்தாளில், 1838 பெப்ரவரி என்று அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் 'பெட்டி: செஷன் செலவு' என்று எழுதியதும் அவர்தான்.